மணற்காட்டில் ஓர் இரவு: கூடாரம் அடிக்க முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை

மோட்டார் சைக்கிளின் பின்னால் ரென்ற் ஒன்றைக் கட்டிக்கொண்டு வடமராட்சி கிழக்குப் பக்கம் போகும் இளைஞர்களை இப்போது காணமுடிகிறது. ஓகஸ்ட் விடுமுறைக்கு கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் பிள்ளைகளும் 'காம்பிங்' போகவேண்டும் என்று கேட்கிறார்கள். அரியாலையில் இருந்து வெளிக்கிட்டால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மணற்காட்டின் மணல் திட்டிகளுக்குப் போய்விடலாம். போவது சுலபம். ஓர் இரவைப் பாதுகாப்பாகக் கழித்து, அந்த இடத்தையும் அந்த ஊர் மக்களையும் நோகடிக்காமல் திரும்பி வருவதற்குத்தான் திட்டம் தேவை.

எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'முகாம்' என்ற சொல்லை நாங்கள் வேறு இடங்களில்தான் கற்றோம். இராணுவ முகாம், நலன்புரி முகாம், செட்டிகுளம் மெனிக்பாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் நகர்ந்தபோது வீதியோரத்தில் படுத்தவர்கள் ஆசைப்பட்டு வெளியே படுக்கவில்லை. தறப்பாளுக்குள் மழை எந்தப் பக்கத்தால் இறங்கும், ஒரு வாளி தண்ணீரை ஒரு குடும்பம் எப்படிப் பங்கிடும் என்பதெல்லாம் எங்கள் பெற்றோர் கட்டாயத்தில் கற்ற பாடங்கள். அதே அறிவை அவர்களுடைய பிள்ளைகள் விரும்பிப் போகும் ஓர் இரவுக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அந்த நிலத்தில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டுப் போகமுடியாது. இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே பேசுகிறது.

வசதி இல்லாத முகாம் என்றால் என்ன?

குழாய்த் தண்ணீர், மின்சாரம், மலசலகூடம், கடை எதுவும் இல்லாத இடத்தில், தேவையானதை எல்லாம் சுமந்துபோய்த் தங்கி, மிச்சத்தை எல்லாம் திருப்பிச் சுமந்து வருவதே இந்த வகை முகாம். உலகில் இதற்குப் பெயர்போன இடங்களில் ஒன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. பாலைவனத்தை ஆறுகள் அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்குகள் அங்கே இருக்கின்றன. முன் அனுமதி இல்லாமல் அதன் உட்பகுதிகளில் இரவு தங்கமுடியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லீற்றர் தண்ணீரை நீங்களே கொண்டுபோகவேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை. எங்கோ பெய்யும் மழை திடீர் வெள்ளமாக வரும் என்பதால் வறண்ட ஓடைப் படுக்கையில் கூடாரம் அடிக்கக்கூடாது. நிலத்தின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் கட்டிய மெல்லிய பொருக்கு இருக்கிறது. ஒரு காலடியில் உடைந்து போகும் அது மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் எடுக்கும். ஆகவே பாதையை விட்டு விலகி நடக்கவும் கூடாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாலைவனமும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ஆனால் அந்தப் பூங்காவின் விதிகள் ஒவ்வொன்றுக்கும் இங்கே ஓர் இணை இருக்கிறது. வல்லிபுர ஆழ்வார் கோயில் பக்கத்தில் தொடங்கி மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று தெற்கே நீளும் மணல் வெளியில் தண்ணீர், காற்று, வெயில், நிலத்தின் மென்மை எல்லாம் பாலைவனத்தை ஒத்தே நடந்துகொள்கின்றன. கடலும் போரும் இங்கே கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன.

எங்கே தங்குவது, யாரிடம் கேட்பது?

முதல் தெரிவு மணற்காடு. உயர்ந்த மணல் திட்டிகள், சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு, அப்பால் கடல். தேவாலயத்துக்கு அருகே 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களின் சேமக்காலை இருக்கிறது. அந்தச் சிலுவைகளில் உள்ள பெயர்கள் பலவற்றுக்கு உறவுகள் பக்கத்துக் கிராமத்திலேயே வாழ்கிறார்கள். அதன் அருகில் கூடாரம் அடிப்பதும், பாட்டுப் போடுவதும், சிலுவைகளைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்பதும் ஒருவருடைய வீட்டு முற்றத்தில் செய்யும் அவமரியாதை. தேவாலய இடிபாட்டுச் சுவர்களில் ஏறுவதும் வேண்டாம். அவை மணலின் ஆதரவில்தான் நிற்கின்றன.

இரண்டாவது சுண்டிக்குளம். குடாநாட்டின் தென்கிழக்கு முனையில் கட்டைக்காட்டுக்கு அப்பால் இருக்கும் இந்தக் களப்புப் பகுதி 1938 இல் பறவைகள் சரணாலயமானது. 2015 ஜூன் 22 இல் 19,565 ஹெக்டேயர் பரப்புடன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இப்போது அது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆளுகையில் இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிப்பது சட்டவிரோதம். திணைக்களத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே தங்கலாம். அனுமதி கிடைக்காவிட்டால் பகலில் பறவை பார்த்துவிட்டுத் திரும்புவதே சரி. போர் முடிந்த பிறகு இதே சுண்டிக்குளத்தில் இராணுவம் விடுமுறை விடுதி நடத்தியதை நினைத்தால் கோபம் வருவது இயல்பு. ஆனால் பூநாரைகள் இறங்கும் களப்பு விளிம்பில் எங்கள் நெருப்பும் வெளிச்சமும் அவற்றுக்கு ஒரே தொந்தரவுதான்.

மணற்காட்டுப் பக்கத்தில் ஒரே வெளியாகத் தெரியும் நிலத்துக்குப் பல உரித்தாளர்கள் இருக்கிறார்கள். ஒரு துண்டு தனியார் காணி, ஒரு துண்டு கோயில் அல்லது தேவாலயக் காணி, ஒரு துண்டு அரச காணி, இன்னொன்று வனவளத் திணைக்களத்துக்கு உரியது. ஆகவே முதல் வேலை அந்தப் பிரிவின் கிராம அலுவலரைச் சந்திப்பது. எத்தனை பேர், எந்த இரவு, எந்த இடம், யாருடைய தொலைபேசி இலக்கம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதன் பிரதியை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிவையுங்கள். இரவில் டோர்ச் அடித்துக்கொண்டு யாராவது சீருடையில் வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

அடுத்து ஊர். கடற்கரையில் மீனவர்களின் வாடிகளும் கரைவலைப் பாடுகளும் இருக்கின்றன. வெறுமையாகத் தெரியும் கரை விடிய நான்கு மணிக்கு வேலைத்தளம் ஆகிவிடும். கரைவலை இழுக்கும் இடத்தில் கூடாரம் நின்றால் ஒரு நாள் உழைப்புக் கெட்டுப்போகும். கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவரைக் கண்டு கேட்டால் எந்த இடம் இடைஞ்சல் இல்லாதது என்று காட்டுவார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் கயிறும் தடியுமாக வந்தால் ஊர் சந்தேகப்படும். அதற்குக் காரணம் இருக்கிறது. வல்லிபுரம் தொடக்கம் நாகர்கோவில் வரை சட்டவிரோத மணல் அகழ்வால் திட்டிகள் கரைந்து போயிருக்கின்றன. இரவில் வரும் வாகனம் என்றால் மணல் ஏற்ற வந்த வாகனம் என்றே எண்ணுவார்கள். 2025 மார்ச் 28 இல் வடக்கில் 5,941 ஏக்கர் காணி தொடர்பாக வர்த்தமானி வந்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகு மீளப்பெறப்பட்டது. அந்தப் பட்டியலில் வடமராட்சி கிழக்கும் இருந்தது. "ஆர் நீங்கள், எங்கையிருந்து வாறியள்?" என்று ஒரு பெரியவர் கேட்டால் எரிச்சல்படாமல், அரியாலை என்றும் இன்னாருடைய பிள்ளை என்றும் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு பதிலில் பாதிப் பாதுகாப்பு வந்துவிடும்.

எப்போது போகலாம்?

குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. புயல் காலமும் அதுதான். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாட்டின் தாழ்ந்த பகுதிகள் நாள்கணக்கில் வெள்ளத்தில் கிடந்தன. மாரியில் களப்புகள் நிரம்பி, மணல் தடுப்பை உடைத்துக்கொண்டு முகத்துவாரத்தால் கடலுக்குப் பாயும். கன்யன்லாண்ட்சின் திடீர் வெள்ளத்துக்கு இங்கே இணையானது இதுதான். இந்த மூன்று மாதங்களும் முகாமுக்கு உகந்தவை அல்ல.

ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை சிறந்த காலம். மழை ஓய்ந்திருக்கும், இரவு குளிரும், வலசை வந்த பறவைகள் இன்னும் களப்பில் இருக்கும். ஏப்ரலில் வெயில் ஏறிவிடும். பின்னேரத்தில் இடிமின்னலும் வரும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை சோளகக் காற்று. பகலில் மணல் பறந்து கண்ணிலும் சோற்றிலும் விழும். ஓகஸ்டில் வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு போய், அடுத்த நாள் எட்டு மணிக்கு முன்னர் திரும்பும்படி திட்டமிடுங்கள். நண்பகல் மணலில் வெறுங்காலோடு நிற்கமுடியாது.

தோண்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வரியைத்தான் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் முகாம் அமைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் குழி தோண்டுவார்கள். நெருப்புக்கு ஒரு குழி, கழிவுக்கு ஒரு குழி, முளை அடிக்க ஒரு குழி. வடமராட்சி கிழக்கில் அதைப் பின்பற்றக்கூடாது.

2000 ஆம் ஆண்டில் இருந்து போரின் கடைசிக் கட்டம் வரை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்ற கோட்டில்தான் முன்னரங்கு இருந்தது. முகமாலை உலகில் மிக அடர்த்தியாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்றாகக் கணிக்கப்பட்டது. ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002 இல் இருந்து வடக்கில் வெடிபொருள் அகற்றி வருகின்றன. அந்த வேலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி அகற்றும் பணியை முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். அதாவது வேலை இன்னும் முடியவில்லை. வெடிபொருள் அகற்றிவிட்டதாக ஒப்படைக்கப்பட்ட நிலத்திலும் அகற்றும் பணி குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைதான் நடந்திருக்கும். மணல் திட்டியோ ஓர் இடத்தில் நிற்பதில்லை. காற்று ஒரு பக்கத்தைக் குறைத்து மறுபக்கத்தைக் கூட்டும், மழை அறுக்கும். நேற்று ஆழத்தில் இருந்தது நாளை மேலே வரலாம்.

ஆகவே:

மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையோ, சிவப்புத் தலை வைத்த தடியோ, மஞ்சள் நாடாவோ தெரிந்தால் அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள். பழுதான பலகைக்கும் அதே மரியாதை.

ஊர்ச் சனமும் மாடும் நடந்து தேய்ந்த பாதையிலேயே போங்கள். மாடு போகாத பற்றைக்குள் நீங்களும் போகாதீர்கள்.

இரும்புத் துண்டு, துருப்பிடித்த குழாய், பச்சை நிறப் பிளாஸ்ரிக் மூடி போன்ற எதையும் தொடவோ உதைக்கவோ வேண்டாம். கண்டால் நின்று, வந்த காலடித் தடத்திலேயே பின்வாங்கி, தூரத்தில் அடையாளம் வைத்து, 119 க்கு அழைத்து பொலிசுக்குச் சொல்லுங்கள். இரவில் கண்டால் விடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எலும்பு தென்பட்டாலும் இதே ஒழுங்குதான். அரியாலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டிய தேவை இல்லை. 2025 பெப்ரவரியில் எங்கள் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது வெளிவந்த எச்சங்களே, பிறகு நீதிமன்றக் கட்டளையில் நடந்த அகழ்வில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளாகின. குழந்தைகளின் எலும்புகளும் ஒரு பாடசாலைப் பையும் அவற்றில் இருந்தன. எலும்பு எந்த நிலையில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதெல்லாம் சான்று. ஒருவர் ஆர்வத்தில் எடுத்துப் பார்த்தால் அந்தச் சான்று குலைந்துவிடும். தொடாமல், இடத்தைக் கைப்பேசியில் குறித்து, பொலிசுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். சமூக ஊடகத்தில் படம் போடுவது அதற்குப் பிறகும் அவசியம் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடும் ஒரு தாய் அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பார் என்பதை யோசியுங்கள்.

தண்ணீர்

மணல் வெளியில் தண்ணீர் இல்லை என்று நினைப்பது தவறு. திட்டிக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்று அடர்த்தி கூடியது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். மேலே கொஞ்சம் குறைந்தால் கீழே இருந்து உப்பு வெகுவாக ஏறும். மணலை அள்ளி ஏற்றுவது தண்ணீரையும் சேர்த்து ஏற்றுவது போன்றது என்று ஊர் மக்கள் சொல்வது இதனால்தான். குடாநாட்டுக் குடிநீருக்காகத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலைமைக்கு நாங்கள் வந்துவிட்டோம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

முந்தைய தலைமுறை துரவோ பூவலோ கிண்டித் தண்ணீர் எடுத்தது. நீங்கள் கிண்டவேண்டாம், காரணத்தை மேலே சொல்லியாகிவிட்டது. முழுவதையும் கொண்டு போங்கள்.

எவ்வளவு வேண்டும்? இடம்பெயர்ந்தோர் முகாம்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பது உலக மனிதாபிமான அமைப்புகளின் ஸ்பியர் அளவுகோல். அதில் குடிக்கவும் உணவுக்கும் மட்டும் 2.5 தொடக்கம் 3 லீற்றர். மிச்சம் குளிக்க, கழுவ, சமைக்க. ஓர் இரவுக்குப் போகிறவர் குளிக்காமல் இருக்கலாம். ஆகவே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் என்று வையுங்கள். நான்கு பேர், இரண்டு நாள் என்றால் 40 லீற்றர். அதன் நிறை 40 கிலோ. இரண்டு 20 லீற்றர் கான்கள். தார் வீதியில் அது பாரமாகத் தெரியாது; மணலில் ஒவ்வொரு அடியும் பின்னுக்கு வழுக்கும்போது தெரியும். 5 லீற்றர்ப் போத்தல்களாகப் பிரித்தால் எல்லோரும் பங்கிட்டுத் தூக்கலாம், ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும். முகாம் இடம் வாகனம் நிற்கும் இடத்தில் இருந்து அரை மணித்தியால நடைக்கு மேல் இருக்கக்கூடாது என்பதற்கும் தண்ணீர்தான் காரணம்.

மலசலம்

இதைப் பற்றி எங்கள் பத்திரிகைகள் எழுதுவதில்லை. ஆனால் முகாமில் பெண்கள் வரமுடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது இந்த விடயம்தான்.

வெளிநாட்டுக் காட்டுவழிகளில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த ஆழத்தில், நீர்நிலையில் இருந்து 60 மீற்றர் தள்ளிக் குழி கிண்டி மூடுவது வழக்கம். மணல் வெளியில் அது சரிவராது. மணல் வடிகட்டாமல் விரைவாகக் கீழே விடும். சற்றுக் கீழேதான் ஊர்க் கிணறுகளுக்குப் போகும் அதே நன்னீர் வில்லை. காற்று அடித்தால் மூடியதும் திறந்துவிடும். கன்யன்லாண்ட்சிலும் பல இடங்களில் கழிவைக் கட்டித் திருப்பிக் கொண்டுபோகவேண்டும் என்றே விதி.

நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, கிராமத்தில் ஒரு வீட்டாரிடமோ கோயில், தேவாலய நிர்வாகத்திடமோ முன்கூட்டியே கேட்டு அவர்களுடைய மலசலகூடத்தைப் பயன்படுத்துவது. அதற்கு ஒரு தொகை கொடுப்பது முறை. மற்றது, இறுக்கமான மூடி உள்ள பெயின்ற் வாளி, அதற்குள் தடித்த பை, ஒவ்வொரு முறையும் மேலே போட அடுப்புச் சாம்பல் அல்லது மரத்தூள், நாலு பக்கமும் சேலை அல்லது தறப்பாள் மறைப்பு. வாளி உங்களோடு வீட்டுக்கு வரும். கேட்க அருவருப்பாக இருக்கலாம். வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மறைப்பும் ஒரு வாளியும் எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்வார்கள்.

கூடாரமும் காற்றும்

திட்டியின் உச்சியில் கூடாரம் அடித்தால் காற்றும் மின்னலும் தேடி வரும். இரண்டு திட்டிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் அடித்தால் மழைக்குத் தண்ணீர் நிற்கும், காற்று ஓடாமல் வெக்கையாகவும் இருக்கும். காற்று வராத பக்கத்துச் சரிவின் அடியில், பள்ளத்தைவிடக் கொஞ்சம் உயரமான மட்டமான இடம் நல்லது. கடல் அலை கடைசியாக ஏறிய கோட்டில் இருந்து நன்றாக உள்ளே தள்ளி வாருங்கள். அந்தக் கரையில் ஆமைகள் ஏறி முட்டையிடும். ஆமையும் முட்டையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; கடற்கரையில் வெளிச்சம் தெரிந்தால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் திசை மாறும்.

மணலில் முளை நிற்காது. ஓர் உரப்பையில் மேல் மணலை அள்ளி நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடியுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு மூட்டைகள், காற்றுப் பக்கத்துக்கு மேலும் இரண்டு. மண்மூட்டை அடுக்கத் தெரியாத வீடு எங்கள் ஊரில் இல்லை. காலையில் மூட்டைகளை அவிழ்த்து மணலை அங்கேயே கொட்டிவிட்டுப் பைகளைக் கொண்டுவாருங்கள்.

அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த இடத்தில் கூடாரத்தை விரிக்கவேண்டாம். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழி ஒற்றுமைக்குச் சொல்லப்பட்டாலும், மணலுக்கும் அது அப்படியே பொருந்தும். பறந்து வரும் மணலை அந்தக் கொடியும் புல்லும் பிடித்து வைப்பதால்தான் திட்டி உண்டாகிறது. அவை அழிந்த இடத்தில் காற்று குழி பறிக்கத் தொடங்கும். கன்யன்லாண்ட்சின் மண் பொருக்கைப் போலவே இதுவும் காலடிக்குத் தாங்காது.

நெருப்பும் சாப்பாடும்

நிலத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். சவுக்கஞ் சருகு எண்ணெய் போலப் பற்றும் என்பது ஒரு காரணம். மணலுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாத இடத்தில் அதைச் சூடாக்குவது அதைவிடப் பெரிய காரணம். வடக்கில் குப்பை எரித்தபோது வெடித்த சம்பவங்களைச் செய்திகளில் வாசித்திருக்கிறோம். சிறிய காஸ் அடுப்பைத் திறந்த இடத்தில், ஒரு பலகையின் மேல் வைத்துப் பயன்படுத்துங்கள். கூடாரத்துக்குள் ஒருபோதும் பற்றவைக்க வேண்டாம். மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இரவுச் சாப்பாட்டை வீட்டில் கட்டிக்கொண்டு போவதே புத்தி. புட்டும் சம்பலும், அல்லது இடியப்பமும் பொரியலும் இரவுவரை தாங்கும். அடுப்பு தேநீருக்கும் விடியக் கஞ்சிக்கும் போதும். பாத்திரம் கழுவும் தண்ணீர் மிச்சமாகும். கறிச்சட்டி வாசத்துக்கு நாயும் நரியும் வராது. மது வேண்டாம் என்று சொல்வது ஒழுக்கப் பாடமாகத் தெரியலாம். இருட்டில் பாதை விலகக்கூடாத, பாம்பு மிதிக்கக்கூடாத இடத்தில் அது வெறும் பாதுகாப்பு விதி.

பாம்பு

இந்த மணற்பகுதியில் கவனிக்கவேண்டியவை சுருட்டை விரியன், புடையன், கட்டுவிரியன், நாகம். இவற்றில் கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்தது தெரியாமலே போகலாம். வலியும் வீக்கமும் இராது. வயிற்றுவலி, கண்ணிமை சோர்வு, பேச்சுக் குழறல் என்று பிறகுதான் வெளிப்படும். ஆகவே அடிப்பக்கம் தைத்து, வாசல் முழுதாகப் பூட்டும் கூடாரம் கட்டாயம். வெறும் தறப்பாளுக்குக் கீழே படுப்பதானால் போகாமலே இருக்கலாம். சப்பாத்தை உள்ளே வையுங்கள், போட முன்னர் உதறுங்கள், டோர்ச் இல்லாமல் ஓரடியும் வெளியே வைக்காதீர்கள்.

கடித்தால் கயிறு கட்டவும், வெட்டவும், உறிஞ்சவும் கூடாது. மோதிரம், காப்பைக் கழற்றி, கடித்த கை காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாகனத்துக்குக் கொண்டுவாருங்கள். 1990 இலவச நோயாளர் காவு வண்டிக்கு அழைக்கும்போது சொல்லவேண்டிய இடப்பெயரை முன்கூட்டியே எழுதிவையுங்கள். மணற்காட்டுப் பக்கத்துக்கு மந்திகை ஆதார வைத்தியசாலை அருகில் இருக்கிறது; அங்கிருந்து தேவைப்பட்டால் யாழ். போதனா வைத்தியசாலை. தூக்கிக்கொண்டு வீதிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட வருகிறவர்கள்

பொருட்களைப் பற்றி இவ்வளவு எழுதியாயிற்று. ஆட்களைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் வயதில் உள்ளவர்களில் பலர் பதுங்குகுழிக்குள் வளர்ந்தவர்கள். கூடாரத் துணி காற்றில் அடிக்கும் சத்தம், இருட்டில் தூரத்து டோர்ச் வெளிச்சம், கடலில் படகு இயந்திரத்தின் இரைச்சல் ஆகியவை சிலருக்கு இரவின் அழகு. சிலருக்கு நெஞ்சு படபடப்பு. நாகர்கோவில் என்ற பெயரைக் கேட்டாலே 1995 செப்ரெம்பர் 22 இல் பாடசாலை மீது விழுந்த குண்டுகளை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே போக முன்னர் ஒவ்வொருவரிடமும் நேரடியாகக் கேளுங்கள். வரமாட்டேன் என்றால் ஏன் என்று துருவவேண்டாம். வந்த பிறகு நடு இரவில் ஒருவர் திரும்பவேண்டும் என்று சொன்னால் கேலி செய்யாமல் அவரோடு ஒருவர் திரும்பவேண்டும். அதற்காகவே குறைந்தது நான்கு பேர், இரண்டு வாகனங்கள்.

வீட்டாரையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பிள்ளை இரவு வெளியே தங்குவது என்பது எங்கள் தாய்மாருக்குச் சாதாரண செய்தி அல்ல. போய் வராத பிள்ளைகளின் ஊர் இது. இருட்ட முன்னர் ஒரு அழைப்பு, படுக்க முன்னர் ஒரு அழைப்பு, விடிய ஒரு அழைப்பு என்று நேரம் குறித்துக் கொடுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை எந்தத் திட்டியில் கிடைக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இடம் தெரிவு செய்யுங்கள். சுனாமி எச்சரிக்கையும் அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அரியாலையில் இருந்து ஓர் ஒழுங்கு

இரண்டு வாரத்துக்கு முன்: கிராம அலுவலர், கடற்றொழிலாளர் சங்கம், மலசலகூட ஒழுங்கு. பகலில் ஒருமுறை போய் இடம் பார்த்து வருதல். சுண்டிக்குளம் என்றால் வனஜீவராசிகள் திணைக்கள முன்பதிவு.

ஒரு வாரத்துக்கு முன்: யாருடையதாவது வளவில் ஓர் இரவு ஒத்திகை. கூடாரத்தின் கிழிசல், வேலை செய்யாத அடுப்பு, குறட்டை விடும் நண்பன் எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

முதல் நாள்: வானிலை அறிக்கை பார்த்தல். கடும் மழை, இடி, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருந்தால் தயக்கமின்றிப் பிற்போடுதல். பொலிசில் தாள் கொடுத்தல்.

அன்று: பிற்பகல் இரண்டு மணிக்கு ஏ-9 ஆல் செம்மணி, சாவகச்சேரி, கொடிகாமம், அங்கிருந்து வரணி வழியாக வடமராட்சிக்கு. மந்திகைப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பி, நாலு மணிக்குள் மணற்காடு. கூடாரம் வெளிச்சத்தில் அடித்து முடியவேண்டும். இருட்டிய பிறகு புதிய இடத்துக்கு நடக்கக்கூடாது.

அடுத்த நாள்: விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் கடலில் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். ஏழு மணிக்குக் கழற்றத் தொடங்கி, எல்லோரும் வரிசையாக நின்று முகாம் இடத்தை ஒருமுறை நடந்து, பொலித்தீன் துண்டு, தீக்குச்சி வரைக்கும் பொறுக்கி, எட்டரைக்குள் வீதிக்கு. போகும் வழியில் இடம் காட்டியவரிடமும் மலசலகூடம் தந்த வீட்டாரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்ததாக வரப்போகும் பிள்ளைகளை அந்த ஊர் எப்படி வரவேற்கும் என்பது நீங்கள் எப்படித் திரும்பினீர்கள் என்பதில் இருக்கிறது.